கைவிட்டுப் பார்த்தல்: மலிவுப் பண்டங்களின் போலி பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

வாப்பாவின் கடையில் பெட்டி உடைத்துச் சாமான் அடுக்குகிற வேலை என்னுடையது. 1993ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. கிழக்கிலே பாதை திறந்தால் லொறி வரும், லொறி வந்தால் கடையில் சாமான் இருக்கும், இல்லாவிட்டால் வெறும் றாக்கைதான் என்றிருந்த காலம். அப்படி வந்த ஒரு லொறியில் ஆறு டசின் கொண்ட ஒரு பெட்டி குளிக்கிற சவுக்காரம் வந்து இறங்கியது. நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். வழமையான விலையை விடக் கட்டிக்கு ஒன்றரை ரூபா குறைவு. கொண்டுவந்தவர் காரணம் சொல்லவில்லை, வாப்பாவும் கேட்கவில்லை.

பாதிப் பெட்டி விற்ற பிறகுதான் நான் கண்டேன். உறையில் இருந்த ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருந்தது. அந்த வருடம்தான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். கடைப் பலகைகள், தகர டின்கள், தீப்பெட்டிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற பைத்தியம்.

"வாப்பா, இதில எழுத்து ஒண்டு கூடக் கிடக்கு" என்றேன்.

வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கட்டியை மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்தார். என்னையும் ஒருதரம் பார்த்தார். "நீ போய்ப் படி மனே" என்றார்.

மீதி மூன்று டசினும் இரண்டு மாதத்தில் விற்றுத் தீர்ந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாப்பா வபாத்தான பிறகு கடையைப் பூட்டினோம். தராசு ஒருவருக்குப் போனது, றாக்கை ஒருவருக்குப் போனது. கடன் கொப்பிகள் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தன.

இந்தக் கட்டுரைக்கு அந்தப் பெட்டிதான் காரணம். போலிப் பொருள் என்றால் பத்திரிகைகளில் விலையுயர்ந்த கைக்கடிகாரமும் கைப்பையும்தான் பேசப்படுகின்றன. சவுக்காரம், தேயிலை, மிளகாய்த்தூள், பற்றரி, பேனை போன்ற சில்லறைச் சாமான்களின் போலி பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் போலியின் பழைய வீடே இந்தச் சில்லறைச் சாமான்கள்தான். அதை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் நமது முன்னோர்களும் இருக்கிறார்கள்.

போலி என்ற சொல்

தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இலக்கண வகுப்பில் 'போலி' என்பது குற்றமான சொல் அல்ல. ஒரு சொல்லில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருந்தால் அது போலி. மஞ்சு மைஞ்சு ஆவது முதற்போலி. பந்தல் பந்தர் ஆவது கடைப்போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சவுக்கார உறை எனக்கு ஞாபகம் வரும். அங்கே எழுத்தும் மாறியிருந்தது, பொருளும் மாறியிருந்தது. அதுவும் ஒரு 'கடைப்போலி'தான். ஆனால் இலக்கணம் சொல்கிற கடை வேறு, எங்கள் கடை வேறு.

சந்தையில் போலி இரண்டு வகை. ஒன்று, பண்டத்துக்குள்ளே வேறொன்றைக் கலப்பது. மற்றது, பண்டத்தின் மேலே வேறொருவருடைய பெயரை ஒட்டுவது. முதலாவதைக் கலப்படம் என்கிறோம். இரண்டாவதை இன்று சட்டம் வியாபாரக் குறி மீறல் என்கிறது. இரண்டும் வேறு வேறு பாடங்கள் போலத் தோன்றினாலும், முதலாவதிலிருந்து தப்புவதற்குக் கண்டுபிடித்த வழியிலேதான் இரண்டாவது பிறந்தது. அந்தத் தொடர்பைத்தான் கீழே சொல்ல முயல்கிறேன்.

மதீனாவின் தானியக் குவியல்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகையில் அதற்குள் கையை விட்டுப் பார்த்த செய்தி நம்மில் அறியாதவர் இல்லை. அபூஹுரைரா (ரழி) அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. விரல்களில் ஈரம் பட்டது. விற்றவரிடம் கேட்டபோது மழை பெய்து நனைந்துவிட்டது என்றார். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டு, மோசடி செய்கிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொன்னார்கள்.

ஜும்ஆக்களில் பல தடவை கேட்ட செய்தி. ஆனால் வரலாற்று மாணவனாக இதை வாசிக்கும்போது மூன்று விடயங்கள் கவனத்துக்கு வருகின்றன. ஒன்று, பண்டம் மிகச் சாதாரணமானது, பொன்னுமில்லை, கஸ்தூரியுமில்லை. இரண்டு, மழை அந்த மனிதரின் குற்றமில்லை. நனைந்த தானியத்தை விற்பதும் தடுக்கப்படவில்லை. அடியில் வைத்ததுதான் கேள்வியானது. மூன்று, பரிசோதனை வெறும் கையால் நடந்தது. அந்தக் கை யாருக்கும் இருக்கிற கை. வாங்க வந்த ஓர் ஏழைப் பெண்ணும் அப்படிக் கைவிட்டுப் பார்க்கலாம்.

உமர் (ரழி) அவர்களின் காலத்துப் பால்காரப் பெண்ணின் கதையும் இதே வகைதான். பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம் மறுத்துப் பேசிய மகளைப் பற்றி மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். அங்கேயும் பண்டம் பால்; அன்றாடம் காலையில் ஒரு பாத்திரம் வாங்குகிற பால்.

நாற்பது அத்தியாயங்கள் கொண்ட ஒரு கைநூல்

பின்வந்த நூற்றாண்டுகளில் நகரங்கள் பெருத்தபோது, சந்தையைப் பார்ப்பதற்கென்றே முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். அவருடைய கடமையை 'ஹிஸ்பா' என்பார்கள். இமாம் மாவர்தி (வபாத் 1058) தமது ஆட்சிச் சட்ட நூலின் கடைசி அத்தியாயத்தை ஹிஸ்பாவுக்கு ஒதுக்கினார். அது சட்டம் பேசுகிற நூல். சந்தைக்குள்ளே இறங்கி, கடை கடையாக என்ன நடக்கிறது என்று சொல்கிற கைநூல்கள் அதற்குப் பிறகு வந்தன. அவற்றில் முக்கியமானது 12ஆம் நூற்றாண்டில், ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில், சிரியாவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ எழுதியது. 40 அத்தியாயங்கள். தானியக்காரர், ரொட்டிக்காரர், மீன் பொரிப்பவர், இனிப்புக்காரர், மருந்துச் சரக்குக்காரர், வாசனைக்காரர், சாயக்காரர், செருப்புத் தைப்பவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அத்தியாயம். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இப்னுல் உகுவ்வா (வபாத் 1329) அதை இன்னும் விரித்து 70 அத்தியாயங்களாக எழுதினார்.

ஷைஸரீயின் நூலை வாசிக்கிறவருக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். குங்குமப்பூவில் கோழி நெஞ்சிறைச்சியையும் மாட்டிறைச்சியையும் அவித்து, நாராகக் கிழித்து, குங்குமப்பூச் சாயத்திலேயே தோய்த்துக் கலப்பார்களாம். கண்டுபிடிக்கும் வழி: கொஞ்சம் எடுத்துக் காடியில் ஊறப்போடு, இறைச்சி என்றால் சுருங்கும். மூங்கிலுப்பில் சூளையில் எரிந்த எலும்பைக் கலப்பார்கள். தண்ணீரில் போட்டால் எலும்பு தாழும், மூங்கிலுப்பு மிதக்கும். குந்திரிக்கத்தில் வேறு பிசினைக் கலந்தால் நெருப்பிலிட்டுப் பார்க்கச் சொல்கிறார். பிசின் பற்றி எரிந்து தன் புகையாலும் நாற்றத்தாலும் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். புளியில் வேறொரு பழத்தின் சதையைச் சேர்ப்பார்கள். அரபு நாட்டார் புளிக்கு வைத்த பெயர் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சம்பழம். நம் பக்கத்துப் பண்டம் அங்கே போய்ச் சேர்ந்தபோது அதற்கும் போலி காத்திருந்தது.

தராசைப் பற்றி அவர் எழுதியிருப்பதை வாப்பா வாசித்திருந்தால் தலையாட்டியிருப்பார். படிக்கல் இரும்பாக இருக்க வேண்டும். முஹ்தஸிப் நிறுத்துப் பார்த்து முத்திரையிட வேண்டும். கல்லைப் படியாக வைத்தால் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்து நிறை குறையும். இரும்பு கிடைக்காத இடத்தில் கல்லுக்குத் தோலுறை கட்ட வேண்டும். தட்டை அடிக்கடி துடைக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் உறைந்தாலும் அது நிறையில் சேரும். நம் ஊர்களில் நோன்பு காலத்தில் சிலர் அலீசா என்று ஆக்குகிறார்களே, அதன் மூதாதையான ஹரீஸா விற்பவர்களின் பானைகளை இரவில் முத்திரையிட்டு மூடிவிட்டு, விடியற்காலையில் ஆள் பார்க்கத் திறந்து மசிக்க வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் இறைச்சியைக் களவாக எடுத்து மறுநாள் பானையில் திரும்பவும் போடுவார்களாம்.

ஓர் அதிகாரி எல்லாத் தொழிலையும் அறிய முடியாது. அதனால் ஒவ்வொரு தொழிலிலும் அந்தத் தொழிலை நன்கறிந்த, நம்பகமான ஒருவரை 'அரீஃப்' ஆக நியமிக்கச் சொல்கிறார். களவு செய்கிறவரின் நுட்பம் அதே தொழில் செய்கிற நல்லவருக்குத்தான் தெரியும். குற்றவாளிக்கு ஒரு தொப்பியும் உண்டு. கம்பளித் துணியில் நிறத் துண்டுகளும் சோகியும் மணியும் நரிவாலும் கட்டிய தொப்பி. அதையும் சவுக்கையும் முஹ்தஸிபின் இருக்கையில் எல்லோரும் காணத் தொங்கவிட வேண்டும். அதைப் போட்டு ஊர்வலம் விடுவதுதான் தண்டனை. வியாபாரிக்குப் பணத்தைவிட முகம் பெரிது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த 40 அத்தியாயங்களில் ஒன்று, சிறுவருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களைப் பற்றியது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பாலில் தண்ணீர் கலப்பவரோடு ஒரே நூலுக்குள் நானும் இருக்கிறேன். அது சரிதான் என்றே படுகிறது.

இந்த அமைப்பு எப்போதும் சுத்தமாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வரலாற்றாசிரியர் மக்ரீஸீ 1399இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக இருந்தவர். எகிப்தின் பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் பற்றி அவர் எழுதிய சிறுநூலில், பதவிகள் பணத்துக்கு விற்கப்படுவதையே கேட்டுக்கு முதற் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். பதவியை விலைக்கு வாங்கியவர் அந்த விலையைச் சந்தையில்தானே எடுப்பார். காவல்காரனும் கலப்படமாகலாம் என்பது அன்றைக்கே தெரிந்த விடயம்.

இறைச்சி இல்லாத இறைச்சி

ஷைஸரீயின் சமையற்காரர் அத்தியாயத்தில் ஒரு சுவையான இடம் உண்டு. தத்துவ அறிஞர் அல்கிந்தீ (9ஆம் நூற்றாண்டு) சமையல் இரசவாதம் பற்றி ஒரு நூல் எழுதியிருப்பதாகச் சொல்கிறார். இறைச்சியே இல்லாமல் இறைச்சிக் கறி, ஈரலே இல்லாமல் ஈரல் பொரியல், முட்டையில்லாத முட்டைப் பொரியல், தேனும் சீனியும் இல்லாத இனிப்பு என்றெல்லாம் அதில் வருகிறதாம். அவற்றை நான் விபரிக்க மாட்டேன், கெட்டவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று ஷைஸரீ நிறுத்திவிடுகிறார். மருந்துச் சரக்கு விடயத்திலும் இதே எச்சரிக்கைதான்: ஊரறிந்த களவுகளை மட்டும் எழுதுகிறேன், அறியாததை எழுதிக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். போலியைப் பற்றி எழுதுகிற எவருக்கும் இந்தச் சங்கடம் உண்டு.

அல்கிந்தீயின் பட்டியலை வாசித்தபோது எனக்கு நம் வீட்டுச் சோயா மீற் ஞாபகம் வந்தது. இலங்கையில் எந்தச் சில்லறைக் கடையிலும் தொங்குகிற பக்கற்றுத்தானே அது? இறைச்சி இல்லாத இறைச்சி. ஆனால் உறையில் சோயா என்று எழுதியிருக்கிறது. வாங்குகிறவருக்கும் அது சோயா என்று தெரியும். சம்பளம் கிடைக்கப் பத்து நாள் இருக்கும்போது உம்மாமார் அதைக் கறியாக்குகிறார்கள். அதில் மோசடி இல்லை. அதையே இறைச்சி என்று சொல்லிச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறினால் மோசடி. சட்டியில் இருப்பது ஒன்றேதான். சொல்கிற பெயர்தான் வேறு. ஈரத் தானியத்தை மேலே வைக்கச் சொன்னதன் பொருளும் இதுதான் என்று விளங்கிக்கொள்கிறேன். மலிவான பொருளை மலிவானது என்று சொல்லி ஏழைக்கு விற்பது அவருக்கு உதவி. மறைப்பதுதான் குற்றம்.

களிமண் மிளகு

போலி நமக்கு மட்டும் உரியதல்ல. 1820இல் இலண்டனில் பிரெடரிக் அக்கும் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வருகிற களவுகளில் என்னை மிகவும் வியக்க வைத்தது மிளகு. எண்ணெய் எடுத்த ஆளிவிதைப் பிண்ணாக்கு, களிமண், கொஞ்சம் மிளகாய்த்தூள் மூன்றையும் பிசைந்து சல்லடையில் தள்ளி, பீப்பாயில் போட்டு உருட்டி மிளகாக்கினார்கள். இந்த மிளகைக் கண்டுபிடிக்க அக்கும் சொன்ன வழி ஷைஸரீயுடையதேதான்: தண்ணீரில் போடு; நல்ல மிளகு முழுதாக இருக்கும், களிமண் மிளகு கரைந்துவிடும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. ஒரே கோப்பைத் தண்ணீர்.

தேயிலையும் அப்படித்தான். வேலியோர முட்செடிகளின் இலையைப் பறித்து, அவித்து, செப்புத் தகட்டில் வாட்டி, சாயம் ஏற்றித் தேயிலை என்று விற்றார்கள். 1818இல் இலண்டனில் இதற்காக வழக்குகளும் நடந்தன. 1851 தொடக்கம் 1854 வரை ஆர்தர் ஹில் ஹசால் என்ற மருத்துவர் கடை கடையாகச் சாமான் வாங்கி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, விற்ற கடைக்காரரின் பெயர் விலாசத்தோடு 'லான்செற்' சஞ்சிகையில் வெளியிட்டார். நரிவால் தொப்பியின் ஆங்கில வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

1858இல் பிராட்போர்ட் நகரில் நடந்தது எல்லாவற்றிலும் கொடியது. சீனி விலை கூட என்பதால், சந்தையில் ஏழைகளுக்கு விற்கிற மலிவு இனிப்பில் வெண்மையான கல்மாவைக் கலப்பது அங்கே வழக்கம். ஒருநாள் மருந்துக் கடையில் ஆள் மாறிக் கல்மாவுக்குப் பதில் பாசாணத்தைக் கொடுத்துவிட்டார். இருபது பேரளவில் இறந்தார்கள். இருநூறு பேரளவில் நோயுற்றார்கள். அவர்களில் சிறுவரும் இருந்தனர். பாசாணம் தவறுதலாக வந்தது. ஆனால் கல்மா தவறுதலாக வரவில்லை. அதுவே அந்தப் பாசாணத்துக்குக் கதவைத் திறந்து வைத்தது. 1860, 1872, 1875 என்று சட்டங்கள் வந்தது இதற்குப் பிறகுதான்.

முத்திரையும் அதன் போலியும்

சட்டம் வருவதற்கு முன்பே வியாபாரிகள் ஒரு வழி கண்டார்கள். 1826இல் ஜோன் ஹார்னிமன் என்பவர் தேயிலையைக் கடையில் அள்ளி நிறுத்துக் கொடுக்காமல், முன்கூட்டியே பக்கற்றில் அடைத்துப் பெயர் போட்டு விற்கத் தொடங்கினார். பக்கற்றை உடைக்காமல் நடுவில் யாரும் இலை கலக்க முடியாது என்பதுதான் அவரது வாக்குறுதி. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் அந்த வழியை உலகெங்கும் கொண்டுபோனார். 1875இல் பிரித்தானியாவில் வியாபாரக் குறிகளைப் பதியும் சட்டம் வந்தது. 1876 ஜனவரி முதலாம் திகதி முதல் இலக்கத்தில் பதிவானது ஒரு மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம்.

முத்திரை என்ற எண்ணம் அதைவிட எவ்வளவோ பழையது. 8ஆம் நூற்றாண்டு எகிப்தில் முஸ்லிம் ஆட்சியாளர்கள் அளவுப் பாத்திரங்களில் கண்ணாடி முத்திரை பதித்தார்கள். அதிகாரியின் பெயரோடு, இன்ன பண்டத்துக்குரிய அளவு என்றும் அதில் எழுதியிருக்கும். பருப்பு போன்ற எளிய பண்டங்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த முத்திரை வாங்குபவருக்கு ஆட்சி கொடுத்த உறுதி. 19ஆம் நூற்றாண்டின் வியாபாரக் குறியோ உற்பத்தியாளரின் சொத்து. இன்று நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இந்த வழியில் வந்ததுதான். அதில் உரிமை மீறப்பட்டவர் குறியின் சொந்தக்காரர். வாங்கி ஏமாந்தவரைப் பார்ப்பதற்கு அதே ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் வேறாக இருக்கின்றன. முஹ்தஸிபிடம் ஒன்றாக இருந்த வேலை இன்று பல கந்தோர்களில் பிரிந்து கிடக்கிறது.

பக்கற்று வந்ததும் இன்னொன்று நடந்தது. கையின் வேலை போய்விட்டது. மூடிய உறைக்குள் கைவிட்டுப் பார்க்க முடியாது. தண்ணீரில் போட்டுப் பார்க்க, முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாம் நம்புவது எழுத்தை. எழுத்தை நம்பத் தொடங்கிய அன்றே, பண்டத்தைக் கலப்பதைவிட எழுத்தைக் கள்ளமாக அச்சடிப்பது இலகு என்று சிலர் கண்டுகொண்டார்கள். கலப்படத்துக்கு மருந்தாக வந்த உறையே அடுத்த போலிக்கு இடம் கொடுத்தது. ஹொலோகிராம் வந்தது, அதற்கும் போலி வந்தது. கோடுகள் போட்ட இலக்கம் 479 என்று தொடங்கினால் அசல் இலங்கைச் சாமான் என்று நம்புகிற பலர் இருக்கிறார்கள். அது இலங்கையில் பதிவான இலக்கம் என்பதைத்தான் காட்டும். உள்ளே இருப்பது என்ன என்பதைக் காட்டாது. அந்தக் கோடுகளையும் அச்சடிக்கலாம்.

தேயிலை நாட்டிலேயே தொழிற்சாலை கழித்த தூளுக்கு நிறமேற்றி நல்ல தூளாக்கி விற்கிறார்கள் என்று செய்தி வருகிறது. தேங்காயெண்ணெயில் மலிவான வேறெண்ணெய் கலக்கிறார்கள். மிளகாய்த்தூளில் செங்கல் தூள் என்பது நம் உம்மாமார் காலத்துப் புகார். ஏன் இந்த மலிவுச் சாமான்கள்? ஒரு பக்கற்றில் கிடைக்கும் களவு இலாபம் சில ரூபாய்தான். ஆனால் வாங்குகிறவர் இலட்சக்கணக்கில். ஒவ்வொருவருக்கும் நட்டம் சிறிது என்பதால் யாரும் முறைப்பாடு எழுதப் போவதில்லை. கந்தோருக்குப் போய்வருகிற பஸ் காசு அந்தப் பக்கற்றின் விலையைவிடக் கூட.

கடைக்காரரின் முகம்

உறைக்கு முன்பு நம்மவர்களிடம் இருந்த முத்திரை முகம்தான். கண்டி இராச்சிய காலத்தில் முஸ்லிம் வணிகர்கள் தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசையில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். பாக்கு ஏற்றித் திரும்பினார்கள். அடுத்த பருவத்தில் அதே வாசலில் அதே ஆள் போய் நிற்க வேண்டும். உப்பில் மண் கலந்தவன் எந்த முகத்தோடு போவான்? பெயர் போட்ட உறை வந்தபோது கடைக்காரருக்கு ஓர் ஒளிப்பிடமும் கிடைத்தது. "நானா செய்தேன்? கம்பனிச் சாமான்" என்று சொல்லிவிடலாம். வாப்பா மனதுக்குள் சொல்லியிருக்கக் கூடியதும் அதுதான். ஆனால் நான் எழுத்தைக் காட்டிய பிறகு அந்தச் சாட்டும் இல்லை. போட்ட காசு முடங்கிவிடும் என்ற பயம் மட்டும் இருந்தது. கையில் காசில்லாத சிறு வியாபாரி அவர். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே நேரம், வாசிக்கத் தெரிந்திருந்தும் நான் பேசாமல் இருந்ததையும் மறைக்க மாட்டேன்.

ஷைஸரீயை வாசித்து முடித்த கையோடு வாப்பாவின் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 1993ஆம் ஆண்டுப் பக்கங்களில் 'சவு. 1' என்று பதினொரு பெயர்களுக்கு நேரே எழுதியிருந்தது. சிலர் மௌத்தாகிவிட்டார்கள். சிலர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பன்பாய் இழைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு சாச்சி மட்டும் அடுத்த தெருவில் இருக்கிறார். அவருடைய பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள். ஓர் அஸருக்குப் பிறகு போய், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொடங்கி, விடயத்தைச் சொன்னேன்.

சாச்சி சிரித்தார். "அது கள்ளச் சவுக்காரமெண்டு எங்களுக்குத் தெரியும் மனே. நுர வராது. கல்லு மாதிரிக் கிடக்கும்."

"தெரிஞ்சும் ஏன் சாச்சி வாங்கினீங்க?"

"கொப்பியில எழுதித் தந்தது உங்கட வாப்பா மட்டுந்தானே. மத்தக் கடையில காசக் கேப்பான்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஹிஸ்பா நூல்களும், அக்குமும், ஹசாலும் ஏமாறுகிறவர் அறியாமல் ஏமாறுகிறார் என்றே நினைத்து எழுதினார்கள். அதனால் தண்ணீரில் போட்டுப் பார், காடியில் ஊறப்போடு என்று வழி சொன்னார்கள். சாச்சிக்குப் பரிசோதனை தேவைப்படவில்லை. அவருடைய கை முதல்நாளே சொல்லிவிட்டது. ஆனால் அடுத்த கடைக்குப் போக அவரிடம் காசு இருக்கவில்லை. போலி எங்கே வந்து தங்குகிறது என்று பார்த்தால், எழுத்தறியாத வீட்டைவிடக் கடன் உள்ள வீட்டில்தான் அதிகம் தங்குகிறது. நமது ஊர்ப் பள்ளிவாசல்களும் சங்கங்களும் கள்ளச் சாமானைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், உறையை வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு இந்தக் கொப்பியையும் பற்றிப் பேச வேண்டும்.

காசை நீட்டினேன். சாச்சி வாங்கவில்லை. "எண்ட பங்க நான் ஹலாலாக்கிட்டன். மத்தவங்கட பங்க அவங்கட்டக் கேளு" என்றார்.

பதினொரு பெயர்களில் ஒருவரிடம் கேட்டாயிற்று. மௌத்தானவர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியவர்களின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை.